ஆறுக்கு உப்பை நிறுத்துங்கள்

மார்ச் பதினான்கு, மாலை மணி நான்கு பத்து. அவையில் அறுபத்து மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு ஐந்து மணியோடு வேலை போகிறது.

தலைமை ஏற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, அளந்தும் அலசியும் அறியும் ஆய்வகப் பெரியோர்களே, தொட்டே தொட்டியின் நலம் சொல்லும் தாய்மார்களே, வணக்கம். ஆண்டுவிழாவில் நுண்பாசியின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன்.

பச்சையாய்ப் பிறக்கும், பல்கிப் பெருகும் பாசி. அப்போது அதனிடம் நாம் விற்கும் சிவப்பு உண்டா? இல்லை. அதற்குச் சோறான நைட்ரேட் உப்பை நிறுத்தினால்? வெயிலில் வாட்டினால்? வாலை உதிர்க்கும், உருண்டையாய்ச் சுருளும், தன்னைக் காக்கத் தானே சிவக்கும். அந்தச் சிவப்புதான் மீன் தீவனத்துக்குப் போகிறது.

கை தட்டாதீர்கள். கதை இனிமேல்தான்.

பிப்ரவரி இருபது. தொட்டிகளுக்கு உப்புப் போடும் தொட்டி அக்காவிடம் ஆய்வகத்திலிருந்து போனில் சொன்னேன்: "அக்கா, ஆறுக்கு உப்பை நிறுத்திடுங்க."

"ஆறுக்குத்தானே தம்பி? நிறுத்திடறேன்."

நான் சொன்னது ஆறாம் தொட்டி. அவர் கேட்டது ஆறு மணி. மணி ஆறானது; ஏழு தொட்டிக்கும் உப்பு நின்றது.

முற்றியிருந்த ஆறாம் தொட்டி செக்கச்செவேல் என்று சிவந்தது. மற்ற ஆறும் மூன்று நாள் குஞ்சுகள், வெளுத்தன, செத்தன. அதே பட்டினி, அதே வெயில். வளர்ந்ததை வாட்டினால் சாயம். வளராததை வாட்டினால் சாவு.

"உப்பு போட மறந்தது யாரு?" என்கிறது பின்வரிசை. மறக்கவில்லை அண்ணே. சொன்னபடி செய்தார். சொன்னவன் சரியாகச் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கியது யானை, கட்டு போட்டது பக்கத்தில் நின்றவருக்கு. 'கவனக்குறைவு, மார்ச் பதினான்கு ஐந்து மணியோடு வேலை இல்லை' என்று அவருக்குக் கடிதம் போனது. இருபத்து இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? யாரும் என்னைக் கேட்கவில்லை. படித்தவனை யார் கேட்பார்கள்?

"தம்பி, பாசியைப் பத்திப் பேசுங்க."

தலைவர் அவர்களே, பாசியைப் பற்றித்தான் பேசுகிறேன். முடிக்கிறேன். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். இனி நான் செய்யப்போவது:

1. பதிவேட்டில் பிப்ரவரி இருபதாம் பக்கத்தில் 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.

2. ஐந்து மணிக்குள் அதை மேலாளர் மேசையில் வைப்பேன். கடிதம் போயே ஆக வேண்டும் என்றால் என் பெயருக்குப் போகட்டும்.

3. தொட்டிகளில் எண்களை அழித்து அ, ஆ என்று எழுத்து எழுதுவேன். பெயின்ட் அடிக்க உதவிக்கு ஆள் வேண்டும். மூன்றாம் வரிசையில் இருக்கும் தொட்டி அக்கா, நாளைக்கு எட்டுக்கு வந்துடுங்க. எட்டு மணிக்கு.