ஆம்ஸ்ட்ராங்தான் ஜெயிப்பார்

குட்டையாக இருப்பவனுக்குத் திராட்சைத் தோட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து நடக்கலாம். ஓடைப்பட்டியில் நான் அப்படித்தான் நடந்து கொத்து வெட்டினேன், கொடிக்குப் பூச்சிமருந்து அடித்தேன். பெட்டி தூக்கி லாரியில் ஏற்றுகிற விஜய்பாண்டி குனிந்துதான் உள்ளே வருவான்.

எதற்குச் சண்டை என்று கேட்டீக, ஐயா. குத்துச்சண்டைக்காகத்தான்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் அவன் போனில் பழைய சண்டைகள் ஓடும். யாரோடு யார் மோதினால் யார் ஜெயிப்பார் என்று பேச்சு வரும். செத்தவரையும் இருப்பவரையும் மோதவிடுவோம், ஒல்லியையும் தடியனையும் மோதவிடுவோம். என் ஆள் ஆம்ஸ்ட்ராங். கறுப்பு வெள்ளைக் காலத்தவர், அஞ்சரை அடி உயரம், ஒரே நேரத்தில் மூணு எடைப் பிரிவில் பட்டம் வைத்திருந்தவர். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். என் பேருக்கு அடுத்து, பிழையில்லாமல் எழுதியது அவர் பேரைத்தான்.

விஜய்பாண்டிக்கு டைசன்.

"மாமா, டைசன் ஒரு தட்டுத் தட்டினா ஒங்காளு வைகை டேம்ல போயி மிதப்பாரு."

"தட்டுறதுக்கு எங்காளு நிக்கணும்லடா? உள்ள புகுந்து வயித்துல குத்துவாரு."

"ஏணி வச்சா?"

எடை போடுகிற சந்தனம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்களைத் திராட்சைத் தராசில் ஏறச் சொன்னாள். அவன் தொண்ணூற்று நாலு. நான் நாற்பத்தாறு.

"அண்ணே, ஒங்கள மாதிரி ரெண்டு ஆளு ஏறினாலும் அவனுக்குக் காணாதுண்ணே."

அன்றைக்கு என் பேர் அரைப்பெட்டி ஆனது. தோட்டம் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் என் பெண்சாதி இருளம்மாளும், "அரைப்பெட்டிக்கு அரைத் தட்டுச் சோறு போதுமா?" என்றாள்.

எனக்குக் கோபமில்லை. பேசித் தீராததைக் கையால் தீர்ப்போம் என்று விஜய்பாண்டியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். வெட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை, பந்தலுக்கு அடியில்.

குத்துச்சண்டையில் ஒரு நியாயம் இருக்கிறது, ஐயா. எடை ஒத்துவராதவர்களை மேடை ஏற்ற மாட்டார்கள். என் எடையைக் கூட்ட வழியில்லை. அவன் எடையைக் குறைக்க இருந்தது. ஏக்கருக்கு எவ்வளவு, டேங்குக்கு எவ்வளவு என்று மருந்து அளந்து பழகிய கை இது. அவனிடம் கூடுதலாக இருந்த நாற்பத்தெட்டுக் கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, சண்டைக்கு முன்னால் அவனுக்குக் கொடுத்த மோரில் கலந்தேன். சாகடிக்க இல்லை. என் எடைக்குக் கொண்டுவர.

"மோரு ஒரு மாதிரி கசக்குதே, மாமா."

"வெந்தயம் கூடிப்போச்சு. குடிடா."

மிச்சம் வைக்காமல் குடித்தான். மரியாதை தெரிந்த பையன்.

சண்டை தொடங்கியபோது அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, வாயில் எச்சில் வழிந்தது. "கண்ணு தெரியல மாமா, நிப்பாட்டுவோம்" என்றான். டைசன் அப்படிக் கேட்பாரா? உள்ளே புகுந்தேன். வயிற்றில் ஒன்று, தாடையில் இடது கையால் ஒன்று. விழுந்தான். நின்று பத்து வரை எண்ணினேன். எழவில்லை. விதிப்படி ஜெயித்தது நான்.

ஆஸ்பத்திரியில் மருந்தால் செத்தான் என்று எழுதியிருக்காக. குத்தின தடம்கூடச் சரியாக இல்லையாம். அது ஒன்றுதான் எனக்குச் சம்மதமில்லை. மோர் கொடுத்ததை ஒத்துக்கொள்கிறேன், கொன்றதை ஒத்துக்கொள்கிறேன், தூக்குக்கும் வருகிறேன். காரணத்தை மட்டும் மாற்றி எழுதச் சொல்லுங்க, ஐயா. விஜய்பாண்டி செத்தது என் இடது கையால்.