பாஷா பாய்க்கு எதிர்ப்பாட்டு

பாஷா பாய் கதை அப்படி ஒரேயடியா முடிஞ்சு போச்சுன்னு சொல்லாதீங்க மாதண்ணே. மைக் செட் கட்டற நீங்களே சொன்னா ஊரே நம்பிரும். நீங்கதானே எல்லா மேடையும் பாக்கறீங்க.

ஆமாங்க, நான்தான். லாவணி நோட்டீஸ்ல முனியப்பன் பி.ஏ.ன்னு போட்டிருக்கறது என்னையத்தான். எங்க வூட்டுல மொதமொதல்ல காலேஜுக்குப் போனவன், அதுக்காகப் போட்டுட்டாங்க. போட்டாவுல மூஞ்சி வேற மாதிரி இருக்குதா? அது கெடக்குதுங்க. இன்னிக்கு நூர் பாஷா பாய்க்கு எதிர்ல உக்கார்றவன் நான். மன்மதன் எரிஞ்சான்னு நான் பாடணும், எரியலேன்னு அவரு பதில் பாடணும். பயமா இருக்குதுங்கண்ணே.

தோத்துருவேன்னு இல்லீங்க. ஜெயிச்சுருவேனோன்னுதான்.

சிரிக்காதீங்கண்ணே. இந்த ஊரு வழக்கம் தெரியுமில்ல? பதில் பாட்டு வராதவங்க, கையில அடிக்கற டேப்பு மேளத்தை எதிராளி மடியில வெச்சுட்டு மேடைய விட்டு எறங்கணும். அப்புறம் எந்த ஊர்லயும் கூப்பிட மாட்டாங்க. பாஷா பாயோட டேப்பு என் மடிக்கு வந்தா, நான் எந்தக் கையால வாங்குவேன்?

போன வருசம் நல்லம்பள்ளியில திணறுனாரு, ஒத்துக்கறேன். நானும் முன்னாடிதான் உக்காந்திருந்தேன். எதிராளி கேட்டது ரதி அழுததப் பத்தி, இவரு பாடுனது சிவன் நெத்திக்கண்ணப் பத்தி. சனங்க விசிலடிச்சாங்க. கேசட் போட்டதும் மண்டகனம் வந்துருச்சு, மூளை மழுங்கிருச்சுன்னாங்க. ஆனா கேசட்டு இன்னிக்கும் நல்லாத்தானே இருக்குது? கேசட்டுல எதிர்ப்பாட்டு கிடையாது. அத யோசிச்சீங்களா?

தை மாசம் வத்தல்மலையில கேட்டேன். கரண்டு இல்ல, மைக் இல்ல, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்தான். எதிராளி கேள்விய முடிக்கல, பதில் வந்து விழுந்துது. மழுங்குன மூளையா அது?

இருங்க, யாரோ வர்றாங்க... போயிட்டாங்க. மெதுவாப் பேசுங்கண்ணே. கமிட்டிக்காரங்களுக்குத் தெரிஞ்சா இப்பவே அவரத் திருப்பி அனுப்பிருவாங்க.

முந்தாநேத்து பொம்மிடி ஸ்டேஷன்கிட்ட அவரப் பாத்தேன். பின்னாலருந்து பாய், பாய்னு கத்துனேன். திரும்பல. கூட்ஸ் வண்டி கூவிக்கிட்டு வருது, மனுசன் தண்டவாளத்துல அவரு பாட்டுக்கு நடக்கறாரு. ஓடிப்போயி கையப் புடிச்சு இழுத்தேன். அப்புறம் என்னமோ தோணுச்சு. அவருக்கு நேரா நின்னு, சத்தமே இல்லாம வாயை மட்டும் அசைச்சேன், டீ குடிக்கலாமான்னு.

சக்கரை கம்மியாச் சொல்லு தம்பின்னாரு.

காதுங்கண்ணே. சுத்தமாப் போச்சு. எதிராளி வாயைப் பாத்துத்தான் இத்தனை நாளாப் பாடிக்கிட்டு இருக்காரு.

நல்லம்பள்ளியில மைக் கட்டுனது நீங்கதானே? ஐயோ, உங்க மேல தப்பு சொல்லலீங்க. அந்தப் பெரிய மைக்கு எதிராளி வாயை மறைச்சுக்கிட்டு நின்னுது, அவ்வளவுதான்.

அதனால என் மைக்க மட்டும் கொஞ்சம் எறக்கி, நெஞ்சுக்கு நேரா கட்டுங்கண்ணே. சத்தம் பத்தலேன்னா நான் தொண்டை கிழியப் பாடிக்கறேன். ட்யூப் லைட்ட என் மூஞ்சிப் பக்கம் திருப்பிருங்க. விட்டுக்குடுக்கறதெல்லாம் இல்லீங்க, கேள்வி சுருக்குன்னுதான் கேப்பேன். அவரு பதில் சொல்லட்டும்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? மீசையா? ஆமாங்க, காலையிலதான் எடுத்தேன். நான் உசுரோட இருக்கறப்பவே எடுத்துட்டியாடான்னு எங்கப்பன் இன்னும் திட்டிக்கிட்டு இருக்காரு.