சிவப்புக் கோட்டுக்கு மேலே காற்றுக்கு இடம்

குளிர் காக்கும் இந்தக் குடும்பத்துக்குத் தலைமகனாக வீற்றிருக்கும் திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் அவர்களே! நான் ஒலிபெருக்கியைத் தொட்டதுமே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பொருளாளர் அவர்களே! கொடியைக் குழந்தையாய் வளர்த்து, கொத்தைக் கண்ணாய்க் காத்து நிற்கும் பெரியோர்களே! பழத்தின் மேல் விரல் படாமல், காம்பை மட்டும் பிடித்துப் பெட்டியில் வைக்கும் பொறுமையின் வடிவங்களே, தாய்மார்களே! ஓட்டுநர்களே, மெக்கானிக்குகளே, சுமையைச் சுமையென்று சொல்லாத தோள்களே! நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை மறந்துவிட்டாலும் என்னை மறக்காமல் அழைத்துவந்திருக்கும் பழைய மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

மேடை ஏறியதும் ஒன்றைக் கவனித்தேன். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இடையிலே இன்னும் நாலைந்து பேர் தாராளமாக உட்காரலாம். மேடையில் உட்கார ஆசைப்படுகிறவர்களுக்கு எந்த ஊரிலாவது பஞ்சம் உண்டா? பிறகு ஏன் இந்த இடைவெளி? அதைக் கடைசியில் சொல்கிறேன். யாரப்பா அங்கே, "இப்பவே சொல்லுங்க சார்" என்பது? கேள்வித்தாள் கையில் வருவதற்கு முன்னால் விடை கேட்டவன் நீதானே? உன் குரல் எனக்கு மறக்குமா? உட்கார்.

இன்று நம்முடைய இரண்டாவது குளிர்கிடங்கைத் திறக்கிறோம். குளிர்கிடங்கு என்றால் என்ன? பெரிய ஐஸ் பெட்டி என்கிறார்கள். இல்லை. கொடியிலிருந்து வெட்டிய பிறகும் திராட்சை சாகவில்லை, மூச்சுவிடுகிறது. மூச்சுவிட்டால் சூடு பிறக்கிறது. சூடு தங்கினால் பழம் வாடுகிறது. கோடைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திய வகுப்பறையில் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்தால் என்ன ஆகும்? முன் வரிசை வியர்க்கும், நடு வரிசை நெளியும், கடைசி வரிசை தூங்கும். பெட்டிக்குள் பழமும் அப்படித்தான். குளிர் என்பது உள்ளே கொண்டுபோய்க் கொட்டுகிற பொருளல்ல. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டுபோய் வெளியே போடுகிற வேலை. அள்ளிக்கொண்டு போவது யார்? காற்று! இந்த ஒரு சொல்லை மட்டும் மனதில் வையுங்கள். என் பேச்சு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

நம் தோட்டத்தில் காலையில் வெட்டிய கொத்து, நிழல் கொட்டகைக்கு வருகிறது, குளிர்அறைக்குப் போகிறது, கண்டெய்னரில் ஏறுகிறது, துறைமுகத்தில் காத்திருக்கிறது, கடலைக் கடக்கிறது, இன்னொரு துறைமுகத்தில் இறங்குகிறது, கடைக்குப் போகிறது, முகம் தெரியாத ஒரு வீட்டில், முகம் தெரியாத ஒரு குழந்தையின் கைக்குப் போகிறது. எத்தனை கை! எத்தனை கதவு! எத்தனை எந்திரம்! இதில் ஒரே ஓர் இடத்தில் ஒருவர் கதவைச் சாத்த மறந்தாலும், அதற்கு முன்னால் வேலை செய்த அத்தனை பேருடைய உழைப்பும் கண்ணீராக வடியும். அதனால்தான் இதற்குக் குளிர்ச் சங்கிலி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சங்கிலியில் நாம் முதன்முதலாகக் கை கோத்தபோது என்ன நடந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் சிரிக்காமல் கேளுங்கள். தெரியாதவர்கள் தாராளமாகச் சிரியுங்கள்.

நம் சுமைதூக்கும் குழுவுக்குத் தலைவர் ஒருவர் இருக்கிறார். இதோ, மேடைக்குக் கீழே தூணில் சாய்ந்துகொண்டு, நான் சொல்லப்போவது தெரிந்து தலையைச் சொறிகிறாரே, அவர்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊர் வைத்த பெயர் 'இறுக்கு அண்ணன்'. லாரியில் அவர் அடுக்கினால் எறும்பு உள்ளே போக வழி கேட்கும்! மலைப்பாதையில் வண்டி குலுங்கினாலும் ஒரு மூட்டை அசையாது. இடைவெளி என்பது அவருக்கு அவமானம். ஒரு சாண் இடம் காலியாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வருடம் சங்கத்துக்குக் குளிர் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பயிற்சிப் பள்ளியில் குளிர்சாதனம் படித்தவள். நீலச் சட்டை, இடுப்பில் ஸ்பேனர் பை. வந்த வாரமே 'ஐஸக்கா' என்று பெயர் வைத்துவிட்டீர்கள். நம் முதல் கண்டெய்னர் வந்து நின்ற அன்று அவள் இறுக்கு அண்ணனை உள்ளே அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினாள். கூரைக்குக் கொஞ்சம் கீழே, நெடுக ஒரு சிவப்புக் கோடு.

"அண்ணே, இந்தக் கோட்டுக்கு மேல ஒரு பெட்டிகூட வேணாம். பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும்."

"சரிம்மா, சரிம்மா. நான் எத்தன லாரி ஏத்தியிருக்கேன்!"

ஜெனரேட்டர் ஏதோ முனகுகிறது என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போனாள். இறுக்கு அண்ணன் அண்ணாந்து பார்த்தார். கோட்டுக்கு மேலே அவ்வளவு இடம், வெறுமனே! கீழே பெட்டிகளுக்கு நடுவில் இடைவெளி. கடல் பயணம் ஆயிற்றே, பழம் ஆடுமே, நசுங்குமே! அவர் மனம் கேட்கவில்லை. இடைவெளியில் எல்லாம் அட்டையை மடித்துச் சொருகினார். கோட்டுக்கு மேலே கூரை தொட அடுக்கினார். கதவைச் சாத்தி, தட்டிக்கொடுத்து, "போய்ட்டு வா ராசா" என்று அனுப்பினார். அத்தனையும் அன்பினால் செய்தார். அதை மறந்துவிடாதீர்கள்.

கண்டெய்னர் கடல் கடந்தது. ஒரு நாள் மதியம், பெட்டி கட்டும் கூடத்தில் சங்கத் தலைவரின் போன் அடித்தது. நல்ல செய்திதான் என்று நம்பி, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அக்கரையில் வாங்குகிறவரின் குரல். கண்டெய்னரின் உள்முனையில், குளிர் எந்திரத்துப் பக்கம் இருந்த பழம் நன்றாக இருக்கிறது. கதவுப் பக்கம் இருந்ததெல்லாம் அழுகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு கண்டெய்னர் வாங்கிப் பார்ப்பாராம். அதுவும் இப்படி வந்தால் வேறு ஊரைத் தேடிக்கொள்வாராம்.

கூடத்தில் அத்தனை கைகளும் நின்றுபோயின. தாய்மார்களே, உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கூடத்து வேலையை நம்பி எத்தனை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது!

மறுநாள் நிர்வாகக் குழு கூடியது. நானும் ஆலோசகர் என்ற பெயரில் ஒரு ஓரத்தில் இருந்தேன். பொருளாளர் மேசையைத் தட்டினார். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, தட்டினீர்கள்.

"எந்திரத்த ஒழுங்கா பாக்கல. பழம் கெட்டுப்போச்சு. அந்தப் பொண்ண அனுப்பிட்டு வேற ஆளப் போடுங்க!"

ஐஸக்கா எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"எந்திரம் கெட்டிருந்தா எல்லாப் பழமும் கெட்டிருக்கணும் சார். கதவுப் பக்கம் மட்டும் ஏன் கெட்டுது? என்னை அனுப்புறதுன்னா அனுப்புங்க. அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவ என்கூட வாங்க. முற்றத்துல காலிக் கண்டெய்னர் நிக்குது."

போனோம். வெயில் கொளுத்தியது. அவள் இறுக்கு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, காலிப் பெட்டிங்க இருக்கு. அன்னிக்கு எப்படி அடுக்கினீங்களோ, அப்படியே அடுக்குங்க."

அவருக்கு என்ன பெருமை! ஆட்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினார். அட்டையைச் சொருகினார், கூரை தொட அடுக்கினார், கடைசிப் பெட்டியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். "பாத்துக்குங்க! எள்ளு விழாது!"

ஐஸக்கா முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த சிறு இடத்தில் தலைவரையும் பொருளாளரையும் இறுக்கு அண்ணனையும் என்னையும் நிற்கச் சொன்னாள். கதவை ஒருக்களித்துவைத்து, எந்திரத்தை ஓடவிட்டாள். எந்திரம் உறுமுகிறது, நாங்கள் உருகுகிறோம்! பொருளாளரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"குளிருதா சார்?"

"வெந்துக்கிட்டிருக்கோம்மா!" என்றார் பொருளாளர். "இதுக்குப் பேரு குளிர்ப்பெட்டியா? இட்லி வேகவைக்கிற பெட்டியா?"

"இப்ப மேல் வரிசைய எடுங்க. சிவப்புக் கோடு தெரியணும். அட்டைய உருவுங்க."

ஆட்கள் எடுத்தார்கள். எடுத்து முடித்த சற்று நேரத்தில், தரை வழியாக ஓடிவந்த குளிர்காற்று எங்கள் காலைத் தொட்டது; மேலே ஏறியது; கூரையை ஒட்டித் திரும்பிப் போனது. போகிற போக்கில் பொருளாளரின் தலையில் மிச்சமிருந்த நாலு முடியையும் ஆட்டிவிட்டுப் போனது! சிரியுங்கள், சிரியுங்கள், அவரும் சிரிக்கிறார்.

ஆனால் அன்றைக்கு ஒருவர் சிரிக்கவில்லை. இறுக்கு அண்ணன் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார்:

"அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான்தான் கேக்கல. அட்டைய சொருகினதும் நான், மேல ஏத்தினதும் நான். யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

ஒரு மனிதர், தன் பெயருக்குக் காரணமான பெருமையைத் தானே கழற்றி முற்றத்தில் வைத்தார். வகுப்பறையில் ஆயுள் முழுவதும் நின்ற நான் அன்றைக்குப் பார்த்த தைரியத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை.

ஐஸக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க போயிட்டா அடுத்த கண்டெய்னர யாருண்ணே ஏத்துறது?"

தலைவர் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் இருங்க. சேந்து ஏத்துங்க" என்றார். ஒரே வரியில் தீர்ப்பு!

வந்தது அடுத்த கண்டெய்னர். கடைசி வாய்ப்பு. ஊரே முற்றத்தில் நின்றது. சிவப்புக் கோடு வரை அடுக்கி முடித்த நேரத்தில், வியர்க்க விறுவிறுக்க நாலு பெட்டியோடு ஓடிவந்தார் ஒருவர். யார்? இறுக்கு அண்ணனின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி!

"மாமா, நாலே பெட்டி! மேலதான் அவ்வளவு இடம் காலியா கெடக்கே!"

"அது காலி இடம் இல்ல மாப்ள."

"பின்ன?"

"அங்க காத்து உக்காந்திருக்கு. நமக்கு முன்னாடியே சீட்டு புடிச்சிருச்சு."

"அக்காகிட்ட சொல்லிடுவேன் மாமா!"

"சொல்லு. ஒரு வேள சோறு போயிட்டா போகட்டும். கண்டெய்னரு போச்சுன்னா ஊருக்கே சோறு போயிடும். அடுத்த வண்டியில மொதப் பெட்டி உன்னுதுதான், போ!"

கதவைச் சாத்தினார். இந்த முறை தட்டிக்கொடுக்கவில்லை. கதவின் ரப்பர் ஓரத்தை விரலால் நெடுகத் தடவி, காற்று கசிகிறதா என்று பார்த்தார்.

அதற்குப் பிறகு காத்திருந்தோமே, அப்படி எந்தத் தேர்வு முடிவுக்கும் நான் காத்திருந்ததில்லை. போன் அடித்தது. தலைவருக்கு ஸ்பீக்கரில் போடக் கை வரவில்லை. கூடத்திலிருந்த ஓர் அம்மா, "போடுங்கய்யா, நல்லதோ கெட்டதோ எல்லாருந்தானே கட்டினோம்" என்றார். போட்டார். அக்கரைக் குரல் கேட்டது: "கதவுப் பக்கத்துப் பெட்டியைத்தான் முதலில் பிரித்தேன். நின்றுகொண்டே ஒரு கொத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டேன். அடுத்தது எப்போது அனுப்புகிறீர்கள்?"

தட்டுங்கள்! இப்போது தட்டுங்கள்! அந்த அடுத்ததும், அதற்கடுத்ததும் போய்ப் போய்த்தான் இன்று இந்த இரண்டாவது கிடங்கு நிமிர்ந்து நிற்கிறது.

பெருமைப்படுவோம். உலகத்தில் குளிரில் பயணம் செய்யும் உணவு பெருகிக்கொண்டே வருகிறது; ஒரு நாட்டின் மீன் இன்னொரு நாட்டின் தட்டிலே, ஒரு கண்டத்தின் பழம் இன்னொரு கண்டத்தின் பந்தியிலே! ஆனால் பெருமையோடு பொறுப்பும் வந்திருக்கிறது. விளைந்ததில் எவ்வளவோ இன்னும் வாய்க்கு வருவதற்கு முன்னாலேயே மண்ணுக்குப் போகிறது. ஏன்? மின்சாரம் நின்றுபோகிற ஊர்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் வெயிலில் வரிசையில் நிற்கிற வண்டிகள் இருக்கின்றன. எந்திரம் வாங்க முடிந்தும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கை கிடைக்காத கிடங்குகள் இருக்கின்றன. பழத்தைக் குளிரவைக்கிற எந்திரமே பூமியைச் சூடாக்குகிற வேடிக்கையும் இருக்கிறது. அதற்காகத்தான் நம் புதிய கூரையில் வெயிலையே மின்சாரமாக்கும் தகடுகளைப் பதித்திருக்கிறோம். சுடுகிற சூரியனையே குளிர்காக்கும் காவலாளியாக வேலைக்கு வைத்திருக்கிறோம்! யாருக்கு வரும் இந்த யோசனை? நமக்கு வந்தது!

இவற்றையெல்லாம் தனியாக ஒருவர் தீர்க்க முடியுமா? எந்திரம் தெரிந்தவரும் எடை தூக்குகிறவரும் ஒரே கோட்டைப் பார்க்க வேண்டும். சொல்கிறவர் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் காற்று நுழைகிற அளவாவது மனதில் இடம் விட வேண்டும். இறுக்கிப் பிடித்த இடத்தில் எதுவும் வாழாது. பழமும் வாழாது; சங்கமும் வாழாது!

இப்போது நாற்காலி விஷயம். மாலையில் பொருளாளர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் நாலு நாற்காலி போடலாமே" என்றாராம். மேடை அமைத்தவர் சொன்னாராம்: "போடலாம். மேடையில பின்வரிசையில உக்கார்றவங்களுக்குக் காத்து வேணாமா?" மேடை அமைத்தவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

புதிய கிடங்கின் சுவரில் கூரைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. இன்று காலை ஏணி போட்டு, ஐஸக்கா கீழிருந்து அளவு சொல்லச் சொல்ல, இறுக்கு அண்ணன் தன் கையால் வரைந்த கோடு. விடைத்தாள்களில் ஆயுள் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டவன் நான். மதிப்பெண் போட எனக்கு உரிமை உண்டு அல்லவா? என் கோடுகள் எதுவும் அவ்வளவு நேராக இருந்ததில்லை. முழு மதிப்பெண்!

இனி ஐஸக்கா கதவைத் திறந்துவைப்பாள். உள்ளே குளிர் காத்திருக்கிறது. திறந்த கதவும் நீண்ட பேச்சும் குளிருக்கு ஆகாது. அழைத்த சங்கத்துக்கும், அமைதியாகக் கேட்ட தாய்மார்களுக்கும், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தும் கடைசிவரை என்னை உட்காரச் சொல்லாத பொருளாளருக்கும் நன்றி கூறி, தூக்கும் தோள்களுக்கும் காக்கும் கைகளுக்கும் தலை வணங்கி, என் பேச்சின் கதவை, காற்று கசியாமல், இதோ சாத்துகிறேன். வணக்கம்!