தீக்குச்சிக் கப்பல்

“ஏத்தினது ஆடு எண்டாலும் இந்த லோடுக்கு நான் சைன் வைக்கமாட்டன்.”

வெள்ளவத்தை பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு துறைமுகக் கிளார்க்குகள். சொன்னவர் மூத்தவர். அவர் மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி திறந்திருந்தது; உள்ளே வரிசை வரிசையாக ஒட்டிய தீக்குச்சிகள்.

“என்ன அண்ணை இது?”

“மகளின்ர ஸ்கூல் புரொஜெக்ட். ஆபிரிக்காவில இருந்து அமெரிக்காவுக்கு அடிமையளை ஏத்தின கப்பல். தீக்குச்சியெல்லாம் ஆக்கள்.”

“இப்பிடி நெருக்கி அடுக்கியிருக்கிறா?”

“அதைத்தான் நானும் கேட்டனான். காத்துப் போக வழியில்லை, பிரிச்சு ஒட்டு எண்டன். புத்தகத்தில இப்பிடித்தான் கிடக்காம்.”

“பிறகு?”

“இதுக்கும் ஒரு கிளார்க் சைன் வைச்சிருப்பார்தானே அப்பா எண்டாள்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

மூத்தவர் பெட்டியை மூடினார்.

“பேப்பர்ஸ் எல்லாம் சரியா இருந்திருக்கும் பிள்ளை எண்டன்.”