டீக்கி விழாவில் எட்டாவது வாழ்த்துரை

பூக்கள் நிறைந்த சட்டைக்குள் புன்னகை நிறைந்து வீற்றிருக்கும் விழாத் தலைவர் சிறிதரன் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்திருக்கும் ஏழு பெருமக்களே! இடப்புறம் அமர்ந்திருக்கும் ஆறு பெருமக்களே! நான் எழுந்து வந்ததால் அவர்களுக்கு அருகே அநாதையாகக் கிடக்கும் என் கதிரையே! காலை பதினொரு மணியிலிருந்து கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துபோன தாய்மார்களே! பசியைப் பொறுத்துப் பொறுத்துப் பழகிவிட்ட பெரியோர்களே! மண்டபத்துக்கு வெளியே காரில் கண்ணயர்ந்திருக்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். யார் அங்கே சிரிப்பது? நபீசா அன்ரியா? சிரியுங்கள் அன்ரி, உங்களுக்கு அந்த உரிமை உண்டு. எனக்கு முன்னால் பேசிய ஏழு பேருக்கும் ஐந்தைந்து நிமிடம்தான் தந்தார்கள். இப்போது மணி நான்கு இருபது!

வாசலில் ஓர் அம்மையார் என்னைப் பார்த்து, "தம்பி, இது எந்தக் கோயில் திருவிழா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டீக்கி என்பது என்ன? பசிபிக் தீவுகளில் மக்கள் தங்கள் மூதாதையரை எண்ணி மரத்தில் செதுக்கிய முகம். அந்த முகத்தைப் பார்த்து அமெரிக்கர்கள் மூங்கிலில் மதுக்கடை கட்டினார்கள். அந்த மதுக்கடையைப் பார்த்து மெல்பேர்ன்காரர்கள் பூப்போட்ட சட்டை போட்டார்கள். அந்தச் சட்டையைப் பார்த்து நாம் என்ன செய்தோம்? அதன்மேல் பொன்னாடை போட்டோம்!

கைதட்டாதீர்கள். நேரம் போகிறது.

இந்த விழா எங்கே பிறந்தது? இந்த டண்டினொங் மண்டபத்திலா? இல்லை. மெல்பேர்னின் ரோவில் புறநகரில், ஒரு கராஜில் பிறந்தது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை மதியம். அங்கே கூடியவர்கள் ஆறே பேர். கராஜுக்குச் சொந்தக்காரி யோகா. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, வீட்டில் யூகலேலே. நான்கு நரம்பு கொண்ட அந்தச் சின்னஞ்சிறு கிதாரில், கைக்குழந்தையைக் கொஞ்சுவது போல வாசிப்பாள். இன்னொருவர் மீரா சாஹிபு. மரப்பெட்டி அடிக்கும் தொழிற்சாலைத் தொழிலாளி. கிளென் வேவர்லியில் வேண்டாத சாமான்களைத் தெருவோரம் போடும் நாளொன்றில், மூக்கு உடைந்த மரமுகம் ஒன்றைக் கண்டெடுத்து, புது மூக்கு ஒட்டிக் கராஜில் நிறுத்தினார். அன்னாசிச் சாறும் தேங்காய்ப் பாலும் இஞ்சியும் கலந்து, முகம் போட்ட பீங்கான் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார். மது கிடையாது. மயக்கம் மட்டும் இருந்தது.

அந்தக் கராஜில் சட்டம் ஒன்றுதான். யோகா அதைச் சுவரில் எழுதி வைத்திருந்தாள்: பாட்டு நேரத்தில் பேசுகிறவர், அத்தனை கோப்பைகளையும் கழுவ வேண்டும். அன்று அத்தனை கோப்பைகளையும் கழுவியவன் யார் தெரியுமா? இதோ, உங்கள் முன்னால் நிற்கிறேன்!

பிறகு விழா வளர்ந்தது. ஆறு அறுபதானது, அறுபது அறுநூறானது. வளரட்டும், யார் வேண்டாம் என்றார்? ஆனால் நாம் வளர்ந்தால் என்ன செய்வோம்? குழு அமைப்போம். குழுவுக்குள் உபகுழு அமைப்போம். நம்மிடம் மூங்கில் உபகுழு இருக்கிறது. மூங்கில் எங்கே? காணவில்லை! சட்டை உபகுழு இருக்கிறது. தலைவர் சட்டையில் இருப்பதைவிடப் பெரிய பூ உறுப்பினர் சட்டையில் இருக்கலாகாது என்று அது தீர்மானமே போட்டிருக்கிறது. தலைவரின் செம்பருத்தியைப் பாருங்கள், நெஞ்சிலிருந்து முதுகு வரை ஒரே பூ. அவருடைய உதவித் தலைவருக்கு மல்லிகைதான் மிச்சம்.

அந்த மரமுகத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தோம். கொண்டுவந்தால் சும்மா விடுவோமா? குத்துவிளக்கு ஏற்றினோம். யாரோ மாலை போட்டார்கள். யாரோ சந்தனம் வைத்தார்கள். அதன்மேல் யாரோ குங்குமம் வைத்தார்கள். இன்று அந்த மேடைப் படியில் பாருங்கள், பதினொரு சோடிச் செருப்பு! மீரா சாஹிபு என்னிடம் வந்து, "சேர், அந்த மூக்கு நான் பசை போட்டு ஒட்டினது. அதைச் சொல்லுங்கோ, பாவம், சனம் கும்பிடுது" என்கிறார். சொல்லிவிட்டேன், சாஹிபு.

போன ஆண்டு அவர் தொழிற்சாலைத் தோழர் ஒருவரை அழைத்து வந்தார். சமோவாக்காரர். இந்த முகம் யாருடைய மண்ணிலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்து மனிதர். மேடையில் இடம் கொடுத்தோமா? கடைசி வரிசையில் உட்கார வைத்தோம். இரண்டு மணி நேரம் நம் பேச்சை மரியாதையோடு கேட்டார். பிறகு மெல்ல எழுந்து, மீரா சாஹிபுவின் தோளைத் தொட்டு, "இறந்தவர் உனக்கு நெருங்கிய சொந்தமா?" என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டதில் தவறில்லை. இங்கே ஒன்று செத்துக்கொண்டுதான் இருக்கிறது.

போன ஆண்டு யோகாவின் பாட்டுக் குழு நான்காவது நிகழ்ச்சி. பிறகு எட்டாவது. பிறகு "வாழ்த்துரைகளுக்குப் பின்". ஐந்து மணிக்கு மண்டபத்தைக் கையளிக்க வேண்டும். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அவளை அழைத்தார்கள். அவள் மேடையேறி முதல் நரம்பை மீட்டியபோது காவலாளி சாவிக்கொத்தோடு வந்து மின்விசையை அணைத்தார். அந்த இருட்டில் நாம் என்ன செய்தோம்? கதிரை அடுக்கினோம். கதிரைகளுக்கு நடுவே வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். ஒருவராவது மன்னிப்புக் கேட்டோமா?

இன்று நான் மேடை ஏறும் முன், பக்கத்து அறை வாசலில் அவளைக் கண்டேன். காலையிலிருந்து அவள் குழுவின் நான்கு பேரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

"சடகோபன் அண்ணை, நீங்களும் பேசப் போறீங்களோ?" என்றாள்.

"அஞ்சே நிமிஷம்தாம்மா" என்றேன்.

"போன வருசமும் அஞ்சு எண்டுதான் சொன்னீங்கள். நாப்பத்திரண்டு நிமிசம் பேசினீங்கள். நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

வாய்ப்பேச்சால் பெயரெடுத்த நான், உரை எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"இண்டைக்கும் பாட விடாட்டில், அந்த முகத்தைத் திருப்பித் தாங்கோ அண்ணை. நான் கராஜுக்குக் கொண்டு போறன். நீங்கள் விழாவை வைச்சிருங்கோ" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தோழர்களே! பாட்டில்லாத இந்த விழா யாருக்காக? தலைவருக்காகவா? செம்பருத்திக்காகவா? குங்குமம் வைத்த மூக்குக்காகவா? அவள் போன பிறகு இந்த மேடையில் மிஞ்சப்போவது என்ன? பதினைந்து கதிரை! பதினைந்து பொன்னாடை! பதினைந்து தொண்டை!

என்ன தலைவரே, துண்டுச் சீட்டு அனுப்புகிறீர்கள்? படிக்கிறேன். "நேரம் கருதிச் சுருக்கவும்." ஆகா! இன்று இந்த மேடையில் வந்த முதல் நல்ல கருத்து. அதை அனைவருக்கும் பொதுவாக்குகிறேன். இனி வாழ்த்தவிருக்கும் மூவரும் வாழ்த்திவிட்டார்கள் என்றே கொள்கிறோம். நன்றியுரையை நானே சொல்லிவிடுகிறேன்: எல்லாருக்கும் நன்றி. முடிந்தது!

ஆமாம், இந்திரகுமார், செயலாளர் என்ற முறையில் நீங்கள் நிகழ்ச்சி நிரலைக் காட்டுவது தெரிகிறது. அதில் பத்தொன்பதாவதாக இருப்பது யோகாவின் பெயர். அதற்கு மேலே இருக்கும் பதினெட்டும் நம்முடைய பெயர்கள்.

இப்போது மணி நான்கு முப்பத்தைந்து. என் ஐந்து நிமிடம் பதினைந்தாகிவிட்டது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இருபத்தைந்து நிமிடத்தில் நான்கு பாட்டுப் பாடலாம். ஆனால் அவர்கள் நிற்க இடம் வேண்டும். ஆகவே மேடைப் பெருமக்களே, எழுந்திருங்கள். அவரவர் கதிரையை அவரவரே தூக்குங்கள். என் கதிரையை நான் தூக்குகிறேன். சாஹிபு, அந்த மாலையைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, உங்கள் தோழரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்த ஆண்டும் அவர் வந்திருக்கிறார், கடைசி வரிசையில் பார்த்தேன்.

மேடைக்குப் பின்னால் குசினி இருக்கிறது. அங்கே அறுநூறு கோப்பைகள் கழுவாமல் கிடக்கின்றன. கராஜுச் சட்டத்தை யாரும் இன்னும் மாற்றவில்லை. எனக்கு முன் பேசிய ஏழு பேரும் என் பின்னால் வாருங்கள். இந்தப் பொன்னாடை கோப்பை துடைக்க உதவும்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்க்கும், கேட்காமலே உறங்கிய இளைஞர்க்கும் என் நன்றியும் வணக்கமும். காரில் இருப்பவர்களைத் தட்டி எழுப்புங்கள்.

யோகா, ஏறி வாம்மா. நான் இனிப் பேச மாட்டேன்.