மாணிக்கவாசகம் மாமாவின் கட்டில்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி நல்ல தேக்கு, இன்ஸ்பெக்டர் ஐயா. எந்தப் புண்ணியவானோ அதன்மேல் பச்சைப் பெயின்டை அப்பி வைத்திருக்கிறான். என்னிடம் ஒரு வாரம் விட்டால் ஆளே அடையாளம் தெரியாமல் ஆக்கித் தருவேன். சரி, வந்த விஷயத்தைச் சொல்கிறேன்.

என் பெயர் குமாரசாமி. பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி. அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு லீவு. மற்றவர்கள் அன்றைக்கு மேட்னி ஷோ போவார்கள். நான் வாலாஜாபாத் சந்தையில் பொறுக்கிய ஓட்டை உடைசல் மேசை, முக்காலி எதையாவது இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கண்ணாடிச் சில்லால் பழைய பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்த்தால், மரம் மூஞ்சி கழுவிக்கொண்டு வந்த மாதிரி சிரிக்கும். "உப்புத்தாளையே கட்டிக்கினு இருந்திருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டிக்கினீங்க" என்பாள் என் சம்சாரம் ஏலவார்குழலி. நியாயமான கேள்விதான்.

எதிர்வீட்டு மாணிக்கவாசகம் மாமா சாயப் பட்டறைக்காரர். என் பட்டுக்கெல்லாம் அவர்தான் சாயம் தோய்ப்பார். தங்கமான மனுஷர், ஆனால் பெயின்ட் டப்பாவைக் கண்டால் கை சும்மா இருக்காது. பொங்கலுக்குச் சன்னலுக்கு அடித்து மிஞ்சியதையெல்லாம் தன் கட்டிலுக்கு அடித்துவிடுவார். மேலே நீலம், அதன் அடியில் பச்சை, அதன் அடியில் காவி. ஒருநாள் பேச்சுவாக்கில் கட்டில் காலை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் கருஞ்சிவப்பாய், கத்திரிப்பூ ஓடிய நிறம். ரோஸ்வுட். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டிலைக் கேட்டேன். இரண்டு வருஷம் கெஞ்சினேன்.

"நான் இருக்கிற வரைக்கும் நடக்காதுபா" என்று சிரிப்பார்.

"அதுக்கப்புறம், மாமா?"

"உயிரு போறதுக்கு முன்னாடியே கீழே எறக்கிப் பாயில போட்டுடுவாங்க. கட்டிலு சுத்தமா கலாவதிக்குப் போயிடும். நான் கட்டில் மேலேயே உயிரை வுட்டாத்தான் உனக்கு. தீட்டுக் கட்டிலை எவன் ஊட்டுல வச்சிக்கினு இருப்பான்?"

கலாவதி அவர் மகள். வெளியூரில் கொடுத்திருந்தது. யோசனையைச் சொன்னது அவர்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த அறுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் ஒரு புட்டியில் சின்ன மாத்திரை கொடுத்தார். வலி வந்ததும் நாக்குக்கு அடியில் வைத்தால் போதும், இன்னும் பத்து வருஷம் கல்லு மாதிரி இருப்பார் என்றார். பத்து வருஷம் என்றால் பத்துப் பொங்கல், பத்துப் பெயின்ட்.

ஆடி அமாவாசை காலையில் அவர் சம்சாரம் நீலாம்பாள் அத்தை, "கொஞ்சம் பாத்துக்கோபா, ஏகாம்பரநாதரைக் கும்பிட்டுக்கினு வந்துடறேன்" என்று புட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் இருக்கும். சும்மா இருப்பானேன் என்று தலைமாட்டுக் காலை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வலி வந்தது. மாமா கையை நீட்டினார். "இருங்க மாமா, இந்த ஒரு ஓரம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கே புரிந்திருக்க வேண்டும். மாத்திரை கேட்பதை விட்டுவிட்டு, "கீழேயாவது எறக்குப்பா, கட்டிலு கலாவதிக்கு" என்றார். எனக்கு இடுப்புப் பிடிப்பு, கனம் தூக்கக்கூடாது. என் சுண்டுவிரல்கூட அவர்மேல் படவில்லை.

கட்டில் மேலேயே உயிர் போயிருப்பதைக் கண்டு அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். இதை யார் எடுப்பது என்று உறவுக்காரர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். தீட்டிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். பகுத்தறிவு அன்றைக்குத்தான் வந்தது. "நீ நல்லா இருக்கணும்பா" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கட்டில் தூக்கும்போதே கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. துக்க வீடு, கவனிக்கவில்லை.

இரண்டு அமாவாசை சுரண்டினேன். நீலம் போச்சு, பச்சை போச்சு, காவி போச்சு. நிறம் வந்தது. உப்புத்தாள் போட்டேன், நிறமும் போச்சு. அடியில் வெளுத்த மாமரம். கையைக் கழுவினால் தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் ஓடியது. ஒரு காலத்தில் மனுஷர் தோய்த்த பட்டு நூலையெல்லாம் அந்தக் கட்டில்மேல் போட்டு நீர் வடித்திருக்கிறார். சாயம் மரத்தில் ஊறியிருக்கிறது. முப்பது வருஷமாக அதே சாயத்தில் நெய்கிறேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெட்கக்கேடு.

கான்ஸ்டபிளை ஏன் கூப்பிடுகிறீர்கள், ஐயா? இத்தனையும் சொன்னால்தான் என் புகார் உங்களுக்கு விளங்கும். அது வெறும் மாமரம் என்று மாமாவுக்குத் தெரியும். இரண்டு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் சிரித்தே என்னை ஏமாற்றியிருக்கிறார். செத்தவர்மேல் மோசடிக் கேஸ் எழுத முடியாது என்றால் சொல்லுங்கள், மகள்மேல் எழுதித் தருகிறேன்.