பச்சைக் கதவு வீடு

— தப்பு. கதவு பச்சை. எத்தனை தடவைடா சொல்றது? நாளைக்கு அந்த அதிகாரி முன்னாடி இப்படி முழிச்சேன்னா கதை கந்தல்தான்.

— ஸ்டூலைக் கெட்டியா பிடிச்சுக்கோக்கா. ஃபேன் கழட்டும்போதா பாடம் எடுப்பே?

— உன்னை வேற எப்பப் பிடிக்கிறது? ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் வயர் இழுக்கப் போயிடுறே. கை அங்க வேலை செய்யட்டும், வாய் இங்க பதில் சொல்லட்டும். வாசல்ல எத்தனை படி?

— படியே இல்ல.

— ரெண்டு. ரெண்டாவது படி ஓரத்துல உடைஞ்சிருக்கும். மழை பெஞ்சா அதுல தண்ணி நிக்கும், நான் கால் வச்சு உக்காந்திருப்பேன். உள்ள எத்தனை ரூம்?

— ஒண்ணு.

— மூணு! வேணும்னே பண்றியா?

— இல்லக்கா.

— இது விளையாட்டில்ல தம்பி. உன் மக பாப்பா பொறந்ததும் இந்த முகாம், வளர்ந்ததும் இந்த முகாம். வயசு பதினஞ்சாச்சு, எந்த நாட்டுப் பிள்ளைன்னு சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்தக் காகிதம் இருந்தாத்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். அதுக்கு நாளைக்கு நீ ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல உக்காந்து பதில் சொல்லணும். இங்க வந்த அன்னிக்கு அம்மா பதிவு பண்ணினதோட அது ஒத்துப் போகணும். ஒண்ணு பிசகினாலும் ஃபைலை மூடிடுவாங்கன்னு வக்கீலம்மா சொன்னது உன் காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு.

— அப்போ சொல்லு. வீட்டுக்கு எதிர்ல என்ன இருந்துச்சு?

— கடிகாரம் ரிப்பேர் பண்ற கடை. வெளியில தொங்குற பெரிய கடிகாரம் எப்பவும் நாலே காலுலயே நிக்கும்.

— ஆ. இது மட்டும் எப்படி வந்துச்சு வாயில?

— கேட்டுக் கேட்டு வளர்ந்ததுதானேக்கா. நான் கைக்குழந்தையா வந்தவன், எனக்கு ஊர்னா நீ சொன்ன ஊர்தான். மழைக்காலத்துல கூரை ஷீட் மேல தடதடன்னு கொட்டும். பக்கத்துல இருக்கிறவன் பேசினாலே விழாது. நீ தொண்டை கிழியக் கத்தி அந்த வீட்டைச் சொல்லுவே. ஏழாம் வரிசைப் பசங்க பூரா நம்ம ரூம்லதான்.

— தரையில சாக்பீஸால கோடு போடுவேன். இது முன் ரூம், இது அடுப்படி, இது படுக்கிற ரூம். யாரும் சுவத்து மேல மிதிக்கக் கூடாது. கதவு வழியாத்தான் உள்ள வரணும்.

— தண்ணி லாரிக்காரர் மகன், குண்டன், சுவத்தைத் தாண்டிட்டான்னு அவனை ஒரு வாரம் வீட்டுக்குள்ள சேர்க்கல நீ. வெளியில நின்னு அழுதான்.

— பின்ன? வீடுன்னா ஒரு மரியாதை வேணாமா? அவன் இப்போ எங்கேயோ சொந்தமா வீடு கட்டிட்டான். போட்டோ அனுப்பினான், பார்த்தியா? முன்கதவுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான், கழுதை.

— அவனும் போயிட்டான். குழாயடிச் சண்டைக்காரி, டீச்சரம்மா, ரேடியோக்காரர், எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா போயிட்டாங்க. நம்ம மாமா ரெண்டு தடவை அவர் இருக்கிற நாட்டுக்குக் கூப்பிட்டார், பேப்பரெல்லாம் தயார் பண்ணி. அம்மா அசையல. அன்னிக்குப் போயிருந்தா பாப்பா இன்னிக்கு ஹால் டிக்கெட்டுக்கு அலைய வேண்டியதில்ல.

— செத்தவளைக் குத்தம் சொல்லாதே.

— குத்தம் சொல்லல. ஏன்னு கேட்டா, இங்கயே இருப்போம்னு மட்டும் சொல்லுவா. வேற ஒரு வார்த்தை வராது.

— அவ அப்படித்தான். மூலையில உக்காந்து துணி மடிச்சுக்கிட்டே நான் சொல்றதைக் கேப்பா. நூறு தடவை கேட்ட கதைக்கு நூத்தியோராவது தடவையும் ‘அப்புறம்?’ம்பா. அடுப்புக்கு மேல பலகை எந்தப் பக்கம், அதுல என்ன டப்பா இருந்துச்சுன்னு. அந்த அடுப்புல சமைச்சவ அவ, கேக்குறது என்னை!

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. அந்தக் கட்டிங் பிளேயரைக் குடு.

— இந்தா. அப்பாவைப் பத்திக் கேட்டா?

— பாலத்துகிட்ட செத்துப் போனார்.

— ஆளு எப்படி இருப்பார்னு கேப்பாங்க. தடிமனான கண்ணாடி. படியில உக்காந்து சட்டை நுனியால துடைச்சிட்டு என் மூக்குல மாட்டி விடுவார். எனக்கு வீதியே வளைஞ்சு தெரியும்.

— இருக்கிற ஒரே போட்டோல கண்ணாடி இல்லையேக்கா.

— போட்டோவுக்குக் கழட்டியிருப்பார். நீ உன் கல்யாணப் போட்டோவுக்குத் தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு நிக்கல?

— ஸ்டூலை விடுக்கா, நான் இறங்குறேன்.

— ஃபேன்?

— ஃபேன் கிடக்கட்டும். நீ கட்டில்ல உக்காரு. ஃபைலோட நகல் கேட்டிருந்தோமே, அது நேத்தே வந்துடுச்சு.

— நேத்தா? என்கிட்ட ஏன்டா சொல்லல?

— சொல்லத்தான் வந்தேன். ரெண்டு தாள். முதல் தாளைப் படிக்கிறேன், குறுக்க பேசாதே. ‘சொந்த வீடு. புல் வேய்ந்த கூரை, மண் சுவர். ஒரே அறை. கதவு இல்லை, தட்டி மட்டும். வயல் நடுவில் தனி வீடு. அக்கம்பக்கத்தில் வேறு வீடோ கடையோ கிடையாது.’

— இது வேற யாரோட ஃபைலோ.

— அப்பா பேரு இருக்கு. என் பேரு இருக்கு, வயசு மூணு மாசம்னு. கீழ அம்மா கைநாட்டு.

— இப்படிக் காட்டு. … அவ பெருவிரல்தான். தழும்பு விழுந்திருக்கு பாரு.

— அக்கா…

— பயந்திருப்பா. மூணு ரூம் வீடுன்னு சொன்னா வசதியானவங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்கன்னு வரிசையில யாராவது கிளப்பி விட்டிருப்பாங்க. புருஷனைப் பறிகொடுத்துட்டு கைக்குழந்தையோட நிக்கிறவ வேற என்ன பண்ணுவா? சரி, விடு. நாளைக்கு நானும் அதையே சொல்லிடுறேன்.

— உன்னால முடியுமா?

— ஏன் முடியாது? பாப்பா பரீட்சை எழுதணும். ஏற்கெனவே ஒரு தடவை விட்டுட்டு வந்த வீடுதானே, இன்னொரு தடவை விட முடியாதா? நீ கேளு.

— வேணாம்க்கா.

— கேளுடா! சரி, நானே சொல்றேன். கதவு இல்ல, தட்டி. ஒரே ரூம். சுத்தி வயல். படி… படி கிடையாது. பாரு, பத்து நிமிஷத்துல மனப்பாடம் ஆயிடுச்சு. நீ எதுக்கு இப்போ மூக்கை உறிஞ்சறே?

— நீ பொய் சொல்ல வேணாம். நாளைக்கு உன் பச்சைக் கதவையே சொல்லு. படி, கடிகாரக் கடை, கண்ணாடி போட்ட அப்பா, ஒண்ணு விடாம சொல்லு. ஃபைலோட அதுதான் ஒத்துப் போகும். புல் வீட்டை நான் சொல்லிக்கிறேன்.

— பைத்தியமாடா உனக்கு? ஒரு வயித்துல பொறந்த ரெண்டு பேருக்கு ரெண்டு வீடா?

— இன்னொரு தாள் பாக்கி இருக்குக்கா.

— அந்த ரெண்டாவது தாளை ஏன் மடிச்சு சட்டைப் பைக்குள்ள வச்சிருக்கே?

— அம்மா போய் மூணு மாசம்தானேக்கா ஆகுது. அதான் ராத்திரி பூரா யோசிச்சேன், எப்படி உன்கிட்ட…

— எடு. என் கண்ணாடி எங்க வச்சேன்… வேணாம், நீயே படி. முழுங்காம படி.

— ‘பாலம் தாண்டி வரும்போது வழியில் தனியாக நின்ற பெண் குழந்தை ஒன்று எங்களோடு இருக்கிறது. நாலு வயது இருக்கலாம். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, பச்சைக் கதவு வைத்த ஒரு வீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறது. என் மகளென்றே எங்கள் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தையைத் தேடி யார் எப்போது வந்தாலும் எங்களை இந்த முகாமிலேயே பார்க்கலாம். நாங்கள் வேறெங்கும் போக மாட்டோம்.’